படுக்கையருகே வரும் உள் தணிக்கையாளர்

‘ஆடிட்டர்’ என்றதும் பலருக்கும் கணக்குப் புத்தகமே நினைவுக்கு வரும். ஆனால் மருத்துவமனையின் உள் தணிக்கையாளர் வார்டுக்கும் வருவார். மருந்து கொடுக்கப்படும் முறையையும், நாங்கள் கை கழுவுவதையும் கவனித்துக் குறித்துக்கொள்வார். நோயாளியின் படுக்கையருகே அவருக்கு என்ன வேலை என்ற ஐயம் இயல்பானதே.

1941-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் உள் தணிக்கையாளர்களின் தொழில்முறை நிறுவனம் தோன்றியபோது, அவர்களது பணி பெரும்பாலும் வரவு செலவைச் சரிபார்ப்பதாகவே இருந்தது. இன்று அந்நிறுவனம் உலகளாவியதாக வளர்ந்துள்ளது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் புதிய நெறிமுறைகள், தணிக்கையாளர் தமது அறிவையும் திறனையும் தொடர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என வலியுறுத்துகின்றன. கணக்கியலோடு கணினித் தரவு, தகவல் பாதுகாப்பு, இடர்களை முன்னுணர்தல் ஆகியவையும் இன்று அவருக்குத் தேவை.

மருத்துவமனையில் இத்தேவை இன்னும் பெரிது. பில்லில் நேரும் பிழைக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம். உடலுக்குள் சென்ற மருந்தைத் திருப்பி எடுக்க இயலாது. ஆகவே தொற்றுத் தடுப்பையும் மருந்துப் பாதுகாப்பையும் அறியாதவர் இங்கு முழுமையாகத் தணிக்கை செய்ய முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. எந்தெந்த ஐந்து தருணங்களில் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் என்பவை அவற்றுள் இரண்டு. ஒருவர் நம்மைக் கவனிக்கிறார் என்று தெரிந்தால் நாம் அனைவருமே கூடுதல் கவனத்துடன் நடந்துகொள்வோம். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்லர். எனவே நேரில் கண்டதை மட்டும் நம்பாமல், கை கழுவும் திரவம் வார்டில் எவ்வளவு செலவாகியுள்ளது என்றும் ஒப்பிட்டுப் பார்க்கத் தணிக்கையாளர் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றோடு, கேட்டறியும் திறனும் வேண்டும். “ஊசி போடுமுன் உங்கள் பெயரைக் கேட்டார்களா? மருந்தைப் பற்றி விளக்கினார்களா?” என்று அவர் உங்களிடம் வினவலாம். எங்கள் மனம் நோகுமோ எனத் தயங்கி, நடக்காததை நடந்ததாகக் கூறிவிடாதீர்கள். தணிக்கையின் நோக்கம் ஒருவரைத் தண்டிப்பதன்று. முறையில் உள்ள குறையைத் திருத்துவதே. உங்கள் உண்மையான விடை சிகிச்சைக்கு எவ்வகையிலும் இடையூறாகாது. அடுத்து அப்படுக்கைக்கு வரும் நோயாளியையும் அது காக்கக்கூடும்.