ஒளியில் ஒரு சீப்பு

திண்டுக்கல் என்றதும் பூட்டுதான் நினைவுக்கு வரும். ஒரு பூட்டுக்கு உரிய சாவி எதுவென்று தெரியாவிட்டால், கொத்திலுள்ள சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறோம். காற்றிலுள்ள வாயுக்களை ஆராயும் விஞ்ஞானியின் நிலையும் இதுவே. மெதேன், அம்மோனியா போன்ற மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய அதிர்வெண்களில் மட்டும் அகச்சிவப்பு ஒளியை உட்கவரும். ஆனால் இத்தகைய ஆய்வுக்கான லேசர் ஒரு நேரத்தில் தருவது ஒரே அதிர்வெண். கொத்து முழுவதையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். சம இடைவெளியில், சீப்பின் பற்களைப் போல, நூற்றுக்கணக்கான அதிர்வெண்களைக் கொண்ட லேசர் ஒளியை 'அதிர்வெண் சீப்பு' என்பர். இத்துறைப் பணிக்காக ஹான்ஷ், ஹால் ஆகியோர் 2005-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அவர்களது சீப்பு மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளிலிருந்து பிறந்தது. துடிப்பே இல்லாமலும் சீப்பு உண்டாக்கலாம் என்று காட்டியது குவாண்டம் கேஸ்கேட் லேசர்.

'கேஸ்கேட்' என்றால் படிப்படியாக விழும் அருவி. 1994-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபைஸ்ட், கபாசோ குழுவினர் இந்த லேசரை முதலில் இயக்கினர். இதில் சில நானோமீட்டர் தடிப்புள்ள குறைகடத்திப் படலங்கள் அடுக்கடுக்காக உள்ளன. ஒரே எலெக்ட்ரான் பல படிகள் இறங்கி, படிக்கு ஒரு போட்டானாக ஒளியை வெளிவிடுகிறது. படலங்களின் தடிப்பை மாற்றினால் ஒளியின் அதிர்வெண்ணும் மாறும்.

லேசர் சில்லின் இரு முனைகளும் ஆடிகளாகச் செயற்படுகின்றன. வீணைக் கம்பியில் போலவே, இம்முனைகளுக்கிடையே சரியாக அடங்கும் அலைகளே நிலைக்கும். சில்லின் நீளம் 6 மில்லிமீட்டர் எனில், அடுத்தடுத்த அதிர்வெண்களின் இடைவெளி ஏறத்தாழ 750 கோடி ஹெர்ட்ஸ்.

இங்கே ஓர் இடையூறு உண்டு. சில்லினுள் வெவ்வேறு அதிர்வெண்கள் சற்றே வெவ்வேறு வேகத்தில் செல்வதால், இடைவெளிகள் சமமாக இரா. பல் கோணிய சீப்பு அளவுகோலாகுமா? நல்ல வேளையாக, லேசரினுள்ளேயே அலைகள் ஒன்றோடொன்று கலந்து, சரியான சம இடைவெளியில் புதிய அலைகளைத் தோற்றுவிக்கின்றன. வேக வேறுபாடு சிறியதாக இருந்தால், பற்கள் யாவும் இவற்றோடு இசைந்து பூட்டிக் கொள்கின்றன. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஃபைஸ்ட் குழுவினர் 2012-இல் இதை மெய்ப்பித்தனர்.

இடைவெளி சற்றே வேறுபட்ட இரு சீப்புகளைச் சேர்த்தால், ஒலியில் போலவே விம்மல்கள் தோன்றும். ஒவ்வொரு ஜோடிப் பல்லுக்கும் ஒரு விம்மல். இவை ரேடியோ அதிர்வெண்களாதலால் எளிதில் அளக்கலாம். எந்த விம்மல் நலிந்துள்ளது என்று பார்த்தால், எந்தப் பல்லின் ஒளியை வாயு உட்கவர்ந்தது என்பது தெரிந்துவிடும். தோல் பதனிடும் கூடத்தில் மூக்கை உறுத்தும் அம்மோனியாவின் அளவை, நொடியின் சிறு பகுதியில், காற்றை ஊடுருவும் ஒளியைக் கொண்டே அறிய இவ்வழி உதவும். அங்கு உழைப்பவரின் மூச்சுக்குக் காவலாக, அரிசிமணி அளவுள்ள ஒரு சில்லு!