எப்படி இயங்குகிறது? – ஆய்வகத்திலிருந்து ஆய்விதழுக்கு

வத்தக்குழம்பு அருமையாக வைப்பவர்களிடம் செய்முறை கேட்டால், “புளியை அளவாகக் கரைச்சு ஊத்து, கொஞ்ச நேரம் கொதிக்க விடு” என்பார்கள். நம் வீட்டில் வைத்தால் அந்த ருசி வராது. ‘அளவாக’, ‘கொஞ்ச நேரம்’ என்பதெல்லாம் அவர்கள் கைப்பக்குவம். ஆய்வில் அது செல்லாது. முன்பின் தெரியாத ஒருவர் தன் அடுப்பில் செய்தாலும் அதே பதம் வர வேண்டும். கல்லூரி ஆசிரியரின் ஆய்வு உலகத்துக்குப் போகும் வழியில் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான் இருக்கிறது.

கொட்டாங்குச்சிக் கரியைக் கொண்டு கழிவுநீரிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுக்கும் வேதியியல் பேராசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

1. செய்முறை எழுதுதல்

கட்டுரையின் உயிர் செய்முறைப் பகுதிதான். கொட்டாங்குச்சியை எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் கரியாக்கினார்? பொடியைச் சலித்த சல்லடையின் கண் அளவு என்ன? நீரின் பி.எச். எவ்வளவு? ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் கரி, எத்தனை நிமிடம் கலக்கல்? இதில் ஒன்று விட்டுப்போனாலும் இன்னொருவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

2. சுடச்சுட ஒரு கிண்ணம்

ஆய்விதழில் வர மாதக்கணக்காகலாம். அதற்குள், மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையை வெளியிடும் ‘ப்ரீபிரிண்ட்’ தளத்தில் போட்டுவிடலாம். இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991-ல் தொடங்கிய ஆர்க்கைவ் இதற்கு முன்னோடி. வேதியியலுக்கு 2017 முதல் கெம்ஆர்க்கைவ் இருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் இது இன்னும் ருசி பார்க்காத குழம்பு என்பதை வாசகர் மறக்கக் கூடாது.

3. ருசி பார்ப்பவர்கள்

ஆய்விதழுக்கு வந்த கட்டுரையை இதழாசிரியர் முதலில் பார்ப்பார். இதழுக்குப் பொருந்தாவிட்டால் அங்கேயே திரும்பிவிடும். பொருந்தினால் அதே துறையைச் சேர்ந்த இரண்டு, மூன்று பேருக்கு மதிப்பீட்டுக்காகப் போகும். பெரும்பாலும் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள் யாரென்று எழுதியவருக்குப் பொதுவாகத் தெரியாது. “கரி போடாமல் வெறும் சாயநீரை அதே நேரம் கலக்கிப் பார்த்தீர்களா? ஒருமுறை பயன்படுத்திய கரி மறுபடியும் வேலை செய்யுமா?” என்று கேட்பார்கள். பேராசிரியர் திரும்ப ஆய்வகத்துக்குப் போக வேண்டும். சலிப்பான வேலைதான்; ஆனால் உப்பு, புளி சரியாவது இங்கேதான்.

ருசி பார்க்காமலே காசை வாங்கிக்கொண்டு பந்திக்கு அனுப்பும் போலி இதழ்களும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) தரமான இதழ்களுக்கான தன் ‘கேர்’ பட்டியலை 2025-ல் கைவிட்டபின், இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு ஆசிரியரிடமும் கல்லூரியிடமும் வந்திருக்கிறது. மதிப்பீடு எப்படி நடக்கிறது, ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் அனுப்பக் கூடாது.

4. பரிமாறுதல்

ஏற்கப்பட்ட கட்டுரைக்கு டிஓஐ என்ற நிரந்தர எண் கிடைக்கும். இணைய முகவரி மாறினாலும் அந்த எண்ணை வைத்துக் கட்டுரையைக் கண்டுபிடித்துவிடலாம். சில இதழ்களில் படிப்பவர் சந்தா கட்ட வேண்டும். சிலவற்றில் எழுதியவர் கட்டணம் கட்டினால் எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்காக 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது.

5. அடுத்த வீட்டு அடுப்பில்

மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்க்கும் கடைசிப் படிதான் முக்கியம். கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சி.வி. ராமன், 1928-ல் ஒளிச்சிதறல் பற்றிய தன் கண்டுபிடிப்பை இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் வெளியிட்டு, அச்சுப் பிரதிகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். அதே ஆண்டில் இயற்பியலாளர்களான ஜெர்மனியின் பிரிங்ஷைமும் அமெரிக்காவின் ஆர்.டபிள்யூ. வுட்டும் அதைச் செய்து பார்த்து உறுதிசெய்தார்கள். 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு வந்தது.

நம் கல்லூரிகளில் எத்தனையோ நல்ல ஆய்வுகள் பீரோவிலேயே தங்கிவிடுகின்றன. அளவுகளையும் தரவுகளையும், சரிவராமல் போன சோதனைகளையும்கூட மறைக்காமல் எழுதி வெளியே அனுப்புங்கள். அடுத்த ஊர் ஆசிரியர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவார்.