ஓர் ஊசியில் மூன்று தவணை

தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டுத் தடுப்பூசியைப் பிறந்து 6, 10, 14 ஆவது கிழமைகளில் ஏற்ற வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அட்டவணை. ஒரே ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய காரியமல்ல. இடையில் இரண்டு தடவை இடம்பெயர்ந்த குடும்பத்துக்கோ அட்டையும் தொலைகிறது, தவணையும் தவறுகிறது.

மூன்று தவணைகளையும் ஒரே ஊசியில் அடைக்க முடியாதா? 1990 இல் நியூயோர்க்கில் கூடிய சிறுவர் உச்சி மாநாட்டையொட்டித் தொடங்கிய முயற்சி இக்கேள்வியை முன்வைத்தது. ஏற்புவலித் தடுப்பூசியே முதலில் பரீட்சிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

இதற்குத் தெரிவான பொருள் புதியதல்ல. இலற்றிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும் சங்கிலியாகக் கோர்த்த பல்பகுதியம் அது. சத்திரசிகிச்சையில் தானாகக் கரையும் தையல் நூல் 1970களிலிருந்து இவ்வகைப் பொருளிலேயே ஆனது. உடலிலுள்ள நீர் சங்கிலியை அறுக்க, எஞ்சும் அமிலங்களை உடல் வெளியேற்றிவிடும். இரண்டும் சம அளவாயின் சில கிழமைகளில் சிதையும். இலற்றிக் கூடினால் மாதக்கணக்கில் நிற்கும்.

இப்பொருளாலான நுண்ணிய உருண்டைகளுக்குள் தடுப்பூசிப் புரதத்தை வைக்கிறார்கள். 10 மைக்ரோமீற்றருக்குச் சிறிய உருண்டைகளைக் கிருமியென விழுங்கும் கலங்கள் நிர்ப்பீடனத்தைத் தூண்டுகின்றன. 1926 முதல் அலுமினிய உப்பு செய்துவந்த துணைவேலை இது. பெரிய உருண்டைகளோ ஊசி போட்ட இடத்திலேயே தங்கி, புரதத்தைப் பிறகு கசியவிடுகின்றன.

ஆயின் தடங்கலும் அங்கேயே இருந்தது. பல்பகுதியம் சிதையச் சிதைய உருண்டைக்குள் அமிலம் தேங்குகிறது. உடற்சூட்டில் ஈரமும் அமிலமும் சேர, புரதம் மடிப்புக் குலைந்து திரள்கிறது. இரண்டாம் தவணைக்குரிய நேரத்தில் வெளிவருவது பயனற்ற புரதம்! அமிலத்தைத் தணிக்க மக்னீசியம் ஐதரொட்சைட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2017 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள், குறித்த நாளில் திறக்கும் மூடியிட்ட நுண்கிண்ணங்களைச் செய்து எலிகளில் பரீட்சித்தனர்.

இதே உருண்டைகளில் அடைத்த புரொஸ்ரேற் புற்றுநோய் மருந்து 1989 இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. ஒன்பது அமினோ அமிலங்களே கொண்ட அச்சிறு மூலக்கூறு, பெரிய புரதம்போல் எளிதிற் குலைவதில்லை என்பது உண்மை. விலை கொடுக்கக்கூடிய நோயாளி அதற்கு இருந்தார் என்பதும் உண்மை. முகாமிற் பிறக்கும் குழந்தை எவருடைய வாடிக்கையாளரும் அல்ல. விஞ்ஞானத்தின் தடையை மட்டும் பேசி இந்த இரண்டாவது உண்மையை நாம் மறைக்கலாமா?

ஒரு செய்தியையும் உறவுகளுக்குச் சொல்லிவையுங்கள்: தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.