கழல மறுக்கும் கியர் பெட்டித் திருகு

இன்றைய உரையில் நாம் பார்க்கப்போவது காரின் கியர் பெட்டிக்கு அடியில் இருக்கும் ஒரு சிறிய திருகு. பழைய எண்ணெயை வடிப்பதற்காக வைத்திருக்கும் இந்தத் திருகைப் பட்டறைக்காரர்கள் டிரேன் பிளக் என்பார்கள். இதன் விலை அற்பம். ஆனால் இது கழலாமல் இறுகிக்கொள்ள, நாமும் விடாமல் மல்லுக்கட்டினால், கியர் பெட்டியின் ஓடே வெடித்துவிடக்கூடும். வீட்டில் இருப்பது ஒரே கார். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவதும், முதியவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அதில்தான். ஆகவே இந்த வேலையை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. நாம் இங்கே பேசுவது கையால் கியர் மாற்றும் கார்களைப் பற்றி. தானாகவே கியர் மாறும் கார்களுக்கு எண்ணெயும் வேறு, முறையும் வேறு.

திருகு ஏன் இறுகுகிறது? பல கார்களில் கியர் பெட்டியின் ஓடு அலுமினியம், திருகு எஃகு. இரு வேறு உலோகங்கள் சேருமிடத்தில் மழைநீரும் சேறும் தங்கினால் அரிப்பு உண்டாகி, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் காருக்கு இது சொல்லாமலே வரும். இரண்டாவது காரணம், முன்பு எண்ணெய் மாற்றியவர் அளவுக்கு மீறி முறுக்கியிருப்பது.

கெட்டுப்போவதிலும் இரண்டு விதம் உண்டு. ஸ்பேனர் பிடிக்கும் தலை மழுங்கிப்போவது ஒன்று. உள்ளே இருக்கும் மரை தேய்ந்துபோவது மற்றொன்று. தலை மழுங்கினால் திருகை மாற்றினால் போதும். ஓட்டின் மரை தேய்ந்தால் பட்டறையில் புதிய மரை போடவேண்டியிருக்கும். முதல் கோளாறு இரண்டாவதாக மாறாமல் காப்பதே நம் வேலை.

முதலில் உயிருக்குப் பாதுகாப்பு. இறுகிய திருகைக் கழற்ற நாம் பலமாக இழுக்கிறோம். அந்த இழுப்பில் கார் அசைகிறது. ஜாக்கு காரைத் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அன்று. ஜாக்கை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகக்கூடாது. சமமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரும்புத் தாங்கிகளின்மேல் காரை உட்கார வைக்கவேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் திடீரென்று நொறுங்கிவிடும், அவை உதவா. மழை பெய்து ஊறிய மண்ணில் இந்த வேலையே வேண்டாம். பிள்ளைகளை அருகில் விளையாட விடக்கூடாது.

அடுத்து, பலரும் மறந்துவிடும் ஒரு விதி. வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன் எண்ணெய் ஊற்றும் திருகைத் திறந்து பார்க்கவேண்டும். பெரும்பாலான கியர் பெட்டிகளில் அது பக்கவாட்டில் சற்று மேலே இருக்கும். எண்ணெய் முழுவதையும் வடித்த பின்னர், ஊற்றும் திருகு திறக்க மறுத்தால் என்ன செய்வது? காரை நகர்த்தவும் முடியாது. எனவே, ஊற்றும் வழி திறந்த பிறகே வடிக்கும் வழிக்குப் போவோம். அத்துடன், நாம் பிடித்திருப்பது கியர் பெட்டியின் திருகுதானா, எஞ்சின் எண்ணெயின் திருகா என்பதையும் கார்க் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்வோம்.

இனித் திருகைக் கவனிப்போம். கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் சேற்றைச் சுத்தமாக நீக்கவேண்டும். சில திருகுகளின் தலையில் சதுரமாகவோ அறுகோணமாகவோ குழி இருக்கும். அந்தக் குழிக்குள் காய்ந்த மண் நிறைந்திருந்தால் சாவி முழுதாக உள்ளே இறங்காது. பாதி இறங்கிய சாவியைத் திருப்பினால் குழியின் முனைகள்தான் சிதையும். ஆணியால் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாவியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, அடிவரை இறக்கவேண்டும்.

வெளியே நீண்ட அறுகோணத் தலையாக இருந்தால் ஆறு முனை சாக்கெட்டே சிறந்தது. பன்னிரண்டு முனை சாக்கெட்டு தலையின் மூலைகளை மட்டும் பிடிப்பதால் எளிதில் வழுக்கும். கூட்டிக் குறைக்கும் ஸ்பேனரும் வாய் திறந்த ஸ்பேனரும் இந்த வேலைக்கு ஆகா.

துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு ஊறவிடலாம். மறுநாள் காரைச் சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு வந்தால் கியர் பெட்டி சூடாகும். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் ஓட்டின் பிடி சற்றுத் தளரும். எண்ணெயும் இளகி நன்றாக வடியும். கை சுடாத அளவுக்கு ஆறிய பின்னர், திருகின் தலையில் பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியலால் நாலைந்து முறை தட்டலாம். அந்த அதிர்ச்சியில் அரிப்பின் பிடிப்பு விடும். அடி திருகின்மேல்தான் விழவேண்டும். ஓட்டின்மேல் விழுந்தால் ஓடு வெடிக்கும்.

திசையிலும் கவனம் வேண்டும். திருகின் தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்பவேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது பலருக்கு இது தடுமாறும். கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கிவிடுவார்கள். ஸ்பேனரின் பிடியில் நீளமான குழாயை மாட்டினால் குறைந்த பலமே போதும். ஒரு கை சாக்கெட்டைத் திருகோடு நேராக அழுத்திப் பிடித்திருக்க, மறு கை நிதானமாக இழுக்கட்டும்.

தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் சற்றே சிறிய சாக்கெட்டை அதன்மேல் அடித்து ஏற்றுவது ஒரு வழி. எடுத்துக்காட்டாக, 24 மில்லிமீட்டர் தலை மழுங்கியிருந்தால், பழைய பிரிட்டிஷ் கார்களுக்குப் பயன்பட்ட 15/16 அங்குல சாக்கெட்டு உதவும். அது ஏறக்குறைய 23.8 மில்லிமீட்டர், அந்தச் சிறிய வேறுபாடே இறுக்கமான பிடியைத் தரும். தலை நன்றாக நீண்டிருந்தால் குழாய் ஸ்பேனர் கடித்துப் பிடிக்கும். அதுவும் தவறினால், தலையின் ஓரத்தில் உளியால் ஒரு வெட்டுப் போட்டு, கழலும் திசையில் தட்டிப் பார்க்கலாம்.

இதற்கு மேல் நாம் போகவேண்டாம். திருகின்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து கழற்றும் முறை உண்டு. அது பட்டறைக்காரரின் வேலை. எண்ணெயும் பெட்ரோல் குழாயும் இருக்கும் இடத்தில் வீட்டு வாசலில் தீயை மூட்டுவது ஆபத்து. துளை போடுவதும் கூடாது. இரும்புத் தூள் உள்ளே போனால் பல்சக்கரங்களைக் கெடுக்கும்.

சரி, எதற்கும் அசையவில்லை. அப்போது என்ன செய்வது? ஊற்றும் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கைப்பம்பினால் பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடலாம். வாயால் உறிஞ்சக்கூடாது. அடியில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். புதிய எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஓட்டிவிட்டு, மறுமுறையும் அப்படியே செய்தால் பெரும்பகுதி மாறிவிடும். கசியாத திருகு இன்னும் சில காலம் அங்கேயே இருந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது புதிய பாடம் அன்று. பால் வரவில்லையே என்று கத்தியை ஆழமாக இறக்கினால் காயப்படுவது மரம்தான். அடுத்த வெட்டுக்கு அந்தப் பட்டை தேறாது.

திருகு கழன்றுவிட்டால், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதும் புதிய வாஷரும் வாங்குவோம். சில திருகுகளில் காந்தம் இருக்கும். அதில் மாவு போன்ற கரிய பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். துண்டு துண்டாக உலோகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். புதிய திருகை முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்றவேண்டும். கோணலாக ஏறினால் மரை போய்விடும். பிறகு குட்டையான ஸ்பேனரால், வாஷர் அமர்ந்து எண்ணெய் கசியாத அளவுக்கு இறுக்கினால் போதும். குழாய் மாட்டி முறுக்கக்கூடாது. கையேட்டில் குறித்துள்ள எண்ணெயையே வாங்கி, கார் சமமாக நிற்கும்போது, ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றவேண்டும்.

கடைசியாக ஒன்று. பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ ஆற்றிலோ ஊற்றக்கூடாது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு வந்த கழிவு விதிகள், பயன்படுத்திய மசகு எண்ணெயைத் தனியே கையாளவேண்டிய கழிவாகப் பட்டியலிட்டிருக்கின்றன. மூடியுள்ள கலனில் சேர்த்து, அதை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுவோம். கைகளையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவோம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியவர்கள். இறுகிய திருகுக்கு முன்னால் நிற்கும்போது இதை நினைவில் வைப்போம். பலத்தைக் கூட்டுவதற்கு முன், சுத்தம் செய்தோமா, சரியான கருவியைப் பிடித்தோமா, சரியான திசையில்தான் திருப்புகிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.