மின்னஞ்சல்களையும் காப்போம்!

கணினி பழுதுபார்க்கும் கடைகளில் அன்றாடம் கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு. "சிஸ்டம் மிகவும் மெதுவாக இருக்கிறது, ஃபார்மட் செய்துவிடலாமா?" என்று பணியாளர் கேட்பார். "டி டிரைவில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கும்தானே?" என்று வாடிக்கையாளர் கேட்பார். "இருக்கும்" என்று பதில் வரும்.

அந்தப் பதில் பொய்யன்று. ஆனால், பல ஆண்டுகளாக வந்து சேர்ந்த மின்னஞ்சல்கள் பெரும்பாலும் டி டிரைவில் இருப்பதில்லை. மின்னஞ்சல் மென்பொருள்கள் அவற்றைச் சி டிரைவில், பல நேரங்களில் கண்ணுக்குப் புலப்படாத கோப்புறைகளில் சேமித்து வைக்கின்றன. படங்களையும் கணக்குப் புத்தகங்களையும் மறவாமல் நகலெடுப்பவர்கள்கூட, மின்னஞ்சல் எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் இழந்துவிடுகின்றனர்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதனால் புதிய இயங்குதளத்துக்கோ, புதிய கணினிக்கோ மாற வேண்டிய நிலை பலருக்கும் ஏற்பட்டிருக்கிறது. எனவே, இதைப் பற்றிப் பேசுவதற்கு இதுவே உரிய தருணம்.

முதலில் விடை காண வேண்டிய கேள்வி, நம் கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதுதான். மின்னஞ்சலைப் பெறுவதற்கு 'பாப்', 'ஐமேப்' என இரு முறைகள் பரவலாக உள்ளன. பாப் முறை, தபால்காரர் கடிதத்தை வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்வதைப் போன்றது. சர்வரிலும் ஒரு நகலை வைத்திருக்குமாறு நாம் தெரிவு செய்யாவிட்டால், அதன் ஒரே பிரதி நம் கணினியில்தான் இருக்கும். ஐமேப் முறை, கடிதத்தை அஞ்சலகத்திலேயே வைத்துவிட்டு நாம் சென்று படித்து வருவதைப் போன்றது. கணினி பழுதானாலும் கடிதம் சர்வரில் இருக்கும்.

இணையதளத்துடன் சேர்த்துக் குறைந்த சேமிப்பிடம் கொண்ட அஞ்சல் கணக்கை வாங்கியிருக்கும் சிறு நிறுவனங்களுக்குப் பாப் முறையே வசதியாக இருக்கிறது. அவர்கள்தாம் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டியவர்கள். ஐமேப் பயன்படுத்துவோரும் கவலையின்றி இருந்துவிட முடியாது. சர்வரில் இடம் நிறைந்தபோது 'ஆர்க்கைவ்' என்ற பெயரில் கணினிக்கு மாற்றிய பழைய கடிதங்கள் கணினியில் மட்டுமே இருக்கும். மேலும், ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஐமேப் முறையில் ஓரிடத்தில் அழித்த கடிதம் எல்லா இடங்களிலும் அழிந்துவிடும்.

வழக்கமான அவுட்லுக் மென்பொருள், பாப் கணக்கின் அஞ்சல்களையும் ஆர்க்கைவ் செய்தவற்றையும் 'பிஎஸ்டி' என முடியும் கோப்பில் வைக்கிறது. ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்ற வரிசையில் சென்றால், அக்கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காணலாம். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் இருந்தால் அனைத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐமேப் கணக்குகளுக்கு அவுட்லுக் உருவாக்கும் 'ஓஎஸ்டி' கோப்பு வேறு வகையானது. அது சர்வரில் உள்ளவற்றின் பிரதி மட்டுமே. அதை எடுத்துச் சென்று வேறொரு கணினியில் திறக்க இயலாது. அதில் ஒரு சிக்கலும் உண்டு. ஐமேப் கணக்கின் முகவரிப் பட்டியலும் நாட்காட்டியும் 'இந்தக் கணினியில் மட்டும்' என்ற குறிப்புடன் அக்கோப்பினுள் இருக்கக்கூடும். அவற்றை அழிப்பதற்கு முன்பே 'எக்ஸ்போர்ட்' வசதியின் மூலம் பிஎஸ்டி கோப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

தண்டர்பேர்டு பயன்படுத்துவோரின் பணி எளிது. அஞ்சல்கள், முகவரிகள், அமைப்புகள், சேமித்த கடவுச்சொற்கள் ஆகிய அனைத்தும் 'புரொஃபைல்' என்ற ஒரே கோப்புறைக்குள் இருக்கும். அதை முழுமையாக நகலெடுத்தால் போதும். புதிய கணினியில் நிறுவும் தண்டர்பேர்டு, பழையதற்கு இணையான அல்லது அதைவிடப் புதிய பதிப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

நகலெடுக்கும் முன் மின்னஞ்சல் மென்பொருளை மூடிவிட வேண்டும். திறந்திருக்கும் கோப்பு மாறிக்கொண்டே இருப்பதால் அதன் நகல் முழுமையாக அமையாது. பென் டிரைவிலும் ஒரு தடை உண்டு. பல பென் டிரைவ்கள் 'ஃபேட்32' என்ற முறையில் அமைந்திருக்கும். அம்முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பைச் சேமிக்க முடியாது. அஞ்சல் கோப்புகளோ எளிதில் அந்த அளவைத் தாண்டிவிடுகின்றன. 'எக்ஸ்ஃபேட்' அல்லது 'என்டிஎஃப்எஸ்' முறையில் அமைந்த வெளி ஹார்டு டிஸ்க்கே இதற்கு ஏற்றது. கடவுச்சொற்களையும், இருபடிச் சரிபார்ப்புக்குத் தந்த கைப்பேசி எண் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்வது நல்லது.

புதிய கணினியில் கோப்பை வெளி டிஸ்க்கிலிருந்து நேரடியாகத் திறக்கக் கூடாது. கணினிக்குள் நகலெடுத்த பிறகே திறக்க வேண்டும். அவுட்லுக்கில் பாப் கணக்கைச் சேர்க்கும்போது, புதிய கோப்பு உருவாக்க வேண்டுமா, ஏற்கெனவே உள்ளதைப் பயன்படுத்த வேண்டுமா என்று கேட்கும். இரண்டாவதைத் தெரிவு செய்தால் பழைய கடிதங்களும் புதியவையும் ஒன்றாகச் சேரும். 'புதிய அவுட்லுக்' என்ற பெயரில் வரும் செயலி, பிஎஸ்டி கோப்புகளைக் கையாள்வதில் வழக்கமான அவுட்லுக்குக்கு இணையானதன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது.

இவை அனைத்தையும்விட முக்கியமானது கால வரிசை. பெரும்பாலானோர் நகலெடுத்தவுடன் பழையதை அழித்துவிடுகின்றனர். அந்த நகல் திறக்குமா என்பதை அதன் பிறகே அறிகின்றனர். திறந்து பார்க்காத நகலை நகலாகக் கருத முடியாது. மிகப் பழைய கடிதம் ஒன்று, இடைக்காலத்துக் கடிதம் ஒன்று, இணைப்புடன் கூடிய கடிதம் ஒன்று, நாம் அனுப்பிய கடிதம் ஒன்று என நான்கையேனும் வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே பழைய கணினியை அழிக்க அனுமதிக்க வேண்டும்.

அச்சிட்டு வைத்துக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 7-ஆவது பிரிவு, மின்னணு ஆவணங்களைப் பாதுகாப்பதற்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. பின்னர் எடுத்துப் பார்க்கும் வகையில் அவை இருக்க வேண்டும். உருவான வடிவிலோ, அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும். எங்கிருந்து, எங்கே, எப்போது சென்றது என்ற விவரங்களும் உடன் இருக்க வேண்டும். அச்சுத் தாளில் அந்த விவரங்கள் முழுமையாக இரா.

2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணு ஆவணத்தின் நகலைச் சான்றாக அளிக்கும்போது சான்றிதழும் தேவை. அதில் கோப்பின் 'ஹேஷ்' மதிப்பும் இடம்பெற வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும். பிஎஸ்டி கோப்பைத் திறந்தாலே அதில் சிறு மாற்றங்கள் நேரும் என்பதால், இரு நகல்கள் எடுத்து, ஒன்றைத் திறக்காமலேயே வைத்திருப்பது அறிவுடைமை. சரக்கு-சேவை வரிச் சட்டமும் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கு ஆவணங்களைப் பாதுகாக்கச் சொல்கிறது. விலைப் பட்டியலும் கொள்முதல் ஆணையும் மின்னஞ்சலில் மட்டுமே வரும் இக்காலத்தில், அஞ்சல் பெட்டியும் ஒரு கணக்குப் புத்தகமே.

அந்த நகலில் நம் வங்கி விவரங்கள் முதல் குடும்பச் செய்திகள் வரை எல்லாம் அடங்கியிருக்கும். அதைக் கடையில் விட்டு வருவது, வீட்டுச் சாவியை விட்டு வருவதற்கு ஒப்பாகும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வீடு மாறும்போது, கடிதங்களைக் கோத்து வைத்த கம்பியையும் பெரியவர்கள் கையோடு எடுத்துச் சென்றார்கள். தந்தையின் கடிதமும் நிலப் பத்திரம் குறித்த கடிதமும் அதில்தான் இருந்தன. இன்றைய கம்பி கண்ணுக்குத் தெரியாத கோப்பாக மாறியிருக்கிறது. "ஃபார்மட் செய்துவிடலாமா?" என்று கேட்கப்படும்போது, "என் மின்னஞ்சல்களை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் கூறும் பொறுமை நமக்கு வேண்டும். பத்தாண்டுக் கடிதங்களைக் காக்க ஒரு நாள் காத்திருப்பதில் தவறில்லை.