கோதுமையே இல்லாத கேக்!

குட்டீஸ், பிறந்த நாள் விழாவில் எல்லோரும் கேக் சாப்பிடுகிறார்கள். ஒரு பையன் மட்டும், "எனக்கு வேண்டாம் ஆன்ட்டி" என்று ஒதுங்கி நிற்கிறான். பிடிக்காமல் இல்லை. அவனுக்குச் சீலியாக் என்ற நோய். மைதா, கோதுமை எதையும் தொடக் கூடாது!

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், அவர்களுடைய நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. குளூட்டனை வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் வழி.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், அங்கே கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாட, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். கோதுமை மீது டிக்கேவுக்கு முன்பே இருந்த சந்தேகம் உறுதியானது.

சரி, அந்தப் பையனுக்கு என்ன கேக் கொடுப்பது? ஸ்பெயினுக்குப் போவோம் வாங்க. அதன் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்ற புனித நகரம் இருக்கிறது. புனித யாக்கோபின் பேராலயத்தைத் தரிசிக்க, சிலர் 800 கி.மீ. தூரம்கூட நடந்தே வருவார்கள். அந்த ஊரின் பெருமைதான் 'சந்தியாகோ கேக்'. பாதாம், சர்க்கரை, முட்டை, அவ்வளவுதான். நோயாளிகளுக்காக உண்டானது அல்ல. பழங்காலம் தொட்டே இப்படித்தான்! 2010ல் ஐரோப்பிய யூனியனின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மாவு இல்லாமல் கேக் எப்படி உப்பும்? எல்லாம் முட்டையின் வேலை. அடிக்க அடிக்க அதில் காற்றுக் குமிழிகள் சேரும். சூட்டில் காற்று விரியும். முட்டைப் புரதம் இறுகி அதை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

செய்து பார்ப்போமா? ஓவன் வேலையை அம்மா, அப்பாவிடம் விட்டுவிடுங்கள். 5 முட்டை, 250 கிராம் சர்க்கரை இரண்டையும் வெளுத்து நுரைக்கும்வரை அடியுங்கள். கை வலிக்கும், விடாதீர்கள்! 250 கிராம் பாதாம் பொடி, துருவிய எலுமிச்சைத் தோல், ஒரு சிட்டிகை பட்டைப் பொடி சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, 180 டிகிரியில் சுமார் 40 நிமிடம் வேகவையுங்கள். தட்டில் மைதா தூவும் பழக்கம் வேண்டாம்; துளி மைதாகூட அந்தப் பையனைப் படுத்திவிடும். மைதா புழங்கிய கரண்டி, சல்லடையையும் நன்றாகக் கழுவுங்கள். விருந்தாளி யாருக்காவது பாதாமோ முட்டையோ ஒவ்வாதா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆறியதும் நடுவில் வாள் போன்ற சிலுவை வடிவக் காகிதத்தை வைத்து, பொடித்த சர்க்கரையைத் தூவி, காகிதத்தை எடுப்பார்கள். வெள்ளைக்கு நடுவே பழுப்புச் சிலுவை தெரியும். 1924ல் சந்தியாகோ நகரின் ஒரு கேக் கடையில் தொடங்கிய வழக்கம் இது. நீங்கள் நட்சத்திரம்கூட வெட்டலாம்.

பழச் சாஸ் நாம் சேர்த்துக்கொள்வது. ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, 3 ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, குழையும்வரை கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். கேக் நல்ல இனிப்பு. அதனால் சாஸ் புளிப்பாகவே இருக்கட்டும். பாதாமில் எண்ணெய் இருப்பதால் மறுநாளும் கேக் காயாது... மிச்சம் இருந்தால்தானே!