தேநீர்: வகையும் பயனும் அருந்தும் வேளையும்

அக்கரைப்பற்றுப் பகுதியில் விதைப்பு முதல் அறுவடை வரை தேநீரின்றி வயல் வேலை நடைபெறுவதில்லை. விடியற்காலையில் வட்டைக்குப் புறப்படுமுன் ஒரு கோப்பை, வரம்பில் இளைப்பாறுகையில் ஒரு கோப்பை, மாலையில் வீடு திரும்பியதும் ஒரு கோப்பை என அது அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டது. நாள்தோறும் அருந்தும் பானமாதலின், அதன் இயல்பையும் அதனை அருந்தத்தக்க வேளையையும் விவசாயிகள் அறிந்திருத்தல் நன்று.

தேயிலை வகைகள்

இலங்கையில் வாணிக நோக்கிலான தேயிலைச் செய்கை 1867ஆம் ஆண்டில் கண்டிப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவரால் 19 ஏக்கரில் தொடங்கப்பெற்றது. கறுப்பு, பச்சை, வெள்ளை எனப் பெயர் வேறுபடினும் எல்லாத் தேயிலையும் ஒரே செடியினின்றே கிடைக்கின்றன. பதப்படுத்தும் முறையே வேறு. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்படப் பரப்பி நிறமாறச் செய்து உலர்த்தினால் கறுப்புத் தேயிலையாகும். நிறமாறுமுன் சூடுகாட்டி உலர்த்தினால் பச்சைத் தேயிலையாகும். விரியாத மொட்டுக்களை மட்டும் கிள்ளி மெல்ல உலர்த்தினால் விலையுயர்ந்த வெள்ளைத் தேயிலையாகும்.

கறுப்புத் தேயிலையுள் 600 மீற்றருக்குக் கீழ் விளைவது மிகுந்த சாயம் தருவது; 1,200 மீற்றருக்கு மேல் விளைவது இளநிறமும் நறுமணமும் உடையது. கொத்தமல்லி, ஆவாரம்பூ, வில்வம்பூ முதலியவற்றின் குடிநீர்கள் தேயிலையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் கஃபீன் இல்லையாதலின் இரவிலும் அருந்தலாம்.

நன்மையும் அளவும்

தேநீரிலுள்ள கஃபீன் சோர்வை நீக்கி ஊக்கமளிக்கும். கோப்பியிலும் பார்க்க இதில் அது குறைவு. எனினும் தேநீர் மருந்தன்று. வெயிலில் வேலை செய்வோருக்குத் தண்ணீருக்கு ஈடாகவும் அமையாது.

தேநீரால் விளையும் தீங்கு பெரும்பாலும் சீனியினாலேயே வருவது. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் ஐந்து கோப்பை அருந்துபவர் 40 கிராம் சீனி உண்கிறார். சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்கு உட்பட்டிருப்பது மேலும் நன்மை தரும் என உலக சுகாதார நிறுவனம் 2015இல் தெரிவித்தது. வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்துவரின் நாவும் பழகிவிடும்.

அருந்தும் வேளை

சோற்றுடனோ, உண்டவுடனோ தேநீர் அருந்துதல் ஆகாது. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பயறு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைப் பிணித்து, உடல் அதனை ஏற்காது தடுக்கின்றன. தோட்டத்தில் பாடுபட்டு விளைவித்த கீரையின் பயன் ஒரு கோப்பைத் தேநீரால் பெரிதும் குறைந்துவிடும். கருவுற்ற பெண்களும் இரத்தச்சோகை உடையோரும் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைகளையும் தேநீருடன் விழுங்கலாகாது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கழிதல் வேண்டும். கறியில் தேசிக்காய்ச் சாறு சேர்த்தல் இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும்.

தயாரிக்கும் முறை

புதிதாகக் கொதித்த நீரைக் கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தூள் வீதம் ஊற்றி, 3 முதல் 5 நிமிடம் மூடிவைத்து வடித்தல் வேண்டும். வடித்ததைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கசப்பே மிகும். மிகுந்த சூட்டுடன் அருந்தாது சற்று ஆறவிடுதல் நன்று. தூளை ஈரமும் பிறமணமும் அணுகாத மூடியுள்ள பாத்திரத்தில் வைத்தல் வேண்டும்.

பூச்சிநாசினி தெளித்தவர்கள் சவர்க்காரமிட்டுக் கைகளையும் முகத்தையும் கழுவிய பின்னரே கோப்பையைத் தொடுதல் வேண்டும். பாலும் சீனியும் கலவாத தேயிலைச் சக்கையை எறியாது கூட்டெருக் குழியில் இட்டால், அது மக்கி மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்குப் பசளையாகும்.

சீனியைக் குறைத்து, உணவு வேளையை விலக்கி அருந்தும் தேநீர் உழைப்பவருக்கு இன்பமும் ஊக்கமும் தரும்.